நேரம் பார்க்க ஓர் அனுமதி: ஒரு பிட்டின் பயணம்

இன்டெல் நிறுவனம் 1993 மார்ச் 22 அன்று பென்டியம் செயலியை வெளியிட்டபோது அதற்குள் புதிதாக ஓர் எண்ணி ஓடிக்கொண்டிருந்தது. செயலி விழித்ததும் பூஜ்யத்தில் தொடங்கி, கடிகாரத் துடிப்பு ஒவ்வொன்றுக்கும் ஒன்று கூடும் 64 பிட் எண்ணி அது. 66 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்தில் வினாடிக்கு 6 கோடியே 60 லட்சம் முறை கூடியது. 32 பிட்டோடு நிறுத்தியிருந்தால் 65 வினாடியில் நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வந்திருக்கும். 64 பிட் கொடுத்ததால் 3 கிகாஹெர்ட்ஸில் ஓடினாலும் நிரம்புவதற்கு 190 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். டைம்ஸ்டாம்ப் கவுன்ட்டர் என்று அதற்குப் பெயர். அதைப் படிக்க ஆர்டிடிஎஸ்சி என்ற கட்டளை. நீளம் இரண்டே பைட்.

அதற்கு முன்பு பி.சி.யில் நுண்ணிய நேரம் அளப்பது பெரும்பாடு. 8254 வகை டைமர் சிப் வினாடிக்குச் சுமார் 11.9 லட்சம் முறைதான் துடிக்கும். அதன் எண்ணைத் தெரிந்துகொள்ள, செயலி மெதுவான போர்ட் வழியாகக் கேட்டு வாங்கிவர வேண்டும். வாங்கி வருவதற்குள், அளக்க நினைத்த சின்ன வேலை முடிந்தே போயிருக்கும். ஆர்டிடிஎஸ்சி அந்தக் காத்திருப்பை ஒழித்தது. எண்ணியின் மேல்பாதி ஒரு ரெஜிஸ்டரில், கீழ்ப்பாதி இன்னொன்றில் வந்து விழும். இயங்குதளத்தின் மையமான கர்னலின் கதவைத் தட்ட வேண்டியதில்லை. சாதாரண புரோகிராம்கூடத் தானே படித்துக்கொள்ளலாம்.

இந்தச் செயலியின் உள் எண்ணிகளைப் பற்றி வெளியுலகுக்கு உடனே முழுதாகத் தெரிந்துவிடவில்லை. பென்டியம் கையேட்டில் 'பின்னிணைப்பு எச்' என்று ஒன்று உண்டு. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டுமே அதன் உள்ளடக்கம் கிடைக்கும். நார்வேயைச் சேர்ந்த டெரியே மத்திசென் அந்த எண்ணிகளைத் தானே தோண்டி எடுத்து, 1994 ஜூலை 'பைட்' இதழில் உலகத்துக்கு எழுதினார். நிரலின் வேகத்தைத் துடிப்புக் கணக்கில் பேசும் பழக்கம் பி.சி. உலகில் பரவியதற்கு அந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

ஆனால் நான் பின்தொடர விரும்புவது எண்ணியை அல்ல. அதோடு கூடவே பிறந்த பூட்டை. பென்டியத்தில் சிஆர்4 என்ற கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர் இருக்கிறது. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் அதில் 2ஆம் பிட்டின் பெயர் டிஎஸ்டி, அதாவது டைம்ஸ்டாம்ப் தடை. அது 0 என்றால் யார் வேண்டுமானாலும் எண்ணியைப் படிக்கலாம். 1 என்றால் கர்னல் மட்டுமே படிக்கலாம். சாதாரண புரோகிராம் படிக்க முயன்றால் செயலி அந்தக் கட்டளையை நிறைவேற்றாமல் நிறுத்திப் பாதுகாப்புப் பிழையை எழுப்பும். லினக்ஸ் அதை அந்தப் புரோகிராமிடம் ஒரு சிக்னலாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். நிரலர்கள் 'செக்ஃபால்ட்' என்று சலித்துக்கொள்ளும் அதே சிக்னல்தான். நேரம் பார்ப்பதற்கும் ஒருநாள் அனுமதி தேவைப்படலாம் என்று 1993லேயே யாரோ யோசித்து ஒரு பிட்டை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பல ஆண்டுகள் அதை யாரும் அதிகம் சீண்டவில்லை.

அந்த ஆண்டுகளில் எல்லோருடைய கவலையும் எண்ணியின் நேர்மையைப் பற்றித்தான் இருந்தது. மடிக்கணினிகள் பேட்டரியை மிச்சப்படுத்தத் துடிப்பைக் குறைத்தபோது எண்ணியும் கூடவே மெதுவானது. 2005இல் ஏஎம்டியின் இரட்டைக் கோர் அத்லான் வந்தபோது இரண்டு கோர்களின் எண்ணிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒரு கோரிலிருந்து மற்றதற்குத் தாவிய புரோகிராமுக்கு நேரம் பின்னோக்கிப் போனதாகத் தெரிந்தது; விளையாட்டுகள் தாறுமாறாக ஓடின. லினக்ஸ் கர்னலுக்கு இங்கோ மோல்னார் எழுதிய சோதனை இந்தக் காலத்தது. புதிய கோர் ஒன்று விழித்தெழும்போது, அதுவும் ஏற்கெனவே ஓடும் இன்னொரு கோரும் ஒரே பூட்டுக்குப் போட்டியிட்டு மாறி மாறி எண்ணியைப் படிக்கும். முந்தையவர் எழுதி வைத்த எண்ணைவிடத் தன் எண் குறைந்திருந்தால் நேரம் பின்வாங்கிவிட்டது என்று பொருள். ஒருமுறை அப்படி நடந்தாலும் அந்த எண்ணியைக் கடிகாரமாக நம்ப முடியாது என்று கர்னல் முத்திரை குத்திவிடும். மின்சேமிப்பு எந்த நிலையில் இருந்தாலும் மாறாத சீரான துடிப்பைச் செயலிகளே உறுதியளிக்கத் தொடங்கியபின் இந்தத் தலைவலி வெகுவாகக் குறைந்தது.

எண்ணி துல்லியமாக ஆக ஆக இன்னொரு ஆபத்து வளர்ந்தது. மறைக்குறியீட்டுக் கணக்கு ஒன்று எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை மட்டும் வைத்தே ரகசியச் சாவியைக் கண்டுபிடிக்கலாம் என்று பால் கோச்சர் 1996இல் காட்டினார். காலின் பெர்சிவல் 2005 மே மாதம் ஒட்டாவாவில் நடந்த பிஎஸ்டிகேன் மாநாட்டில் அதை வீட்டுக் கணினிக்கே கொண்டுவந்தார். ஹைப்பர்-த்ரெடிங் உள்ள பென்டியம் 4இல் இரண்டு புரோகிராம்கள் ஒரே கோரின் கேஷ் நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. உளவு பார்க்கும் புரோகிராம் கேஷைத் தன் தரவால் நிரப்பிவைத்து, அதை மறுபடி படிக்க எத்தனை துடிப்பு ஆகிறது என்று ஆர்டிடிஎஸ்சி கொண்டு அளக்கிறது. எங்கே அதிகம் ஆகிறதோ அங்கே பக்கத்து வீட்டுக்காரர் கைவைத்திருக்கிறார். அதை வைத்து ஓபன்எஸ்எஸ்எல் பயன்படுத்தும் ஆர்எஸ்ஏ சாவியின் பிட்டுகள் கசிந்தன. எந்த அனுமதியும் கேட்காத அளவுகோல் ஒன்று திருடனின் கையிலும் இருந்தது.

அதற்கு அடுத்த மாதம் வெளியான லினக்ஸ் 2.6.12இல் ஆண்ட்ரியா ஆர்கஞ்செலியின் செக்காம்ப் வந்தது. யாரென்று தெரியாதவர்களின் நிரலைத் தன் கணினியில் ஓடவிட்டு, சும்மா கிடக்கும் செயலி நேரத்தை வாடகைக்குக் கொடுக்கும் திட்டம் அவருடையது. அந்நிய நிரல் படிப்பது, எழுதுவது, முடித்துக்கொள்வது போன்ற நாலைந்து சிஸ்டம் கால்களைத் தவிர வேறெதையும் செய்யக்கூடாது. பின்னர் அவர் எண்ணியையும் அந்தப் பட்டியலுக்கு வெளியே தள்ளினார். டிஎஸ்டி பிட்டுக்கு லினக்ஸில் ஓர் உருப்படியான வேலை இப்படிக் கிடைத்தது. கர்னலைக் கட்டமைக்கும்போது அது ஒரு தெரிவாகத்தான் வைக்கப்பட்டது. மறைவழித் தகவல் கசிவைப் பற்றி அளவுக்கு மீறிய அச்சம் உள்ளவர்கள் மட்டும் 'ஆம்' சொல்லலாம் என்ற தொனியில் அதன் குறிப்பு இருந்தது. பிந்தைய ஆண்டுகளைப் பார்த்த நமக்கு அந்த அச்சம் அளவுக்கு மீறியதாகத் தோன்றாது.

அதை வெறும் தெரிவாக வைத்த தயக்கத்துக்குக் காரணம் வேலையின் அமைப்பிலேயே இருக்கிறது. பிட் இருப்பது கோரில். அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் புரோகிராமுக்கு. ஒரு கோர் வினாடிக்கு நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரக்கணக்கான முறை ஒரு வேலையை இறக்கிவிட்டு வேறொன்றை ஏற்றுகிறது. வாடகை சைக்கிளின் சீட்டைப் போல, அடுத்து ஏறுபவரின் உயரத்துக்கு ஒவ்வொரு முறையும் மாற்றியாக வேண்டும். மாற்ற மறந்தால் இரண்டு விதமாகத் தப்பு நடக்கும். தடை செய்யப்பட்ட புரோகிராம் எண்ணியைப் படித்துவிடும். அல்லது ஒரு குற்றமும் செய்யாத அப்பாவிப் புரோகிராம் செக்ஃபால்டில் சாகும். இரண்டாவதுதான் கொடுமை. செத்த புரோகிராமை எழுதியவர் நாட்கணக்கில் தன் நிரலையே புரட்டிப் பார்ப்பார். தவறு அவர் தொடாத கர்னலின் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும்.

2008இல் இந்தப் பூட்டை எல்லோருக்கும் பொதுவாக்கியவர் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த எரிக் போஸ்மன். பிஆர்சிடிஎல் என்ற சிஸ்டம் கால் மூலம் எந்தப் புரோகிராமும் தனக்குத்தானே எண்ணியைப் பூட்டவும் திறக்கவும், இப்போது எந்த நிலையில் இருக்கிறோம் என்று கேட்கவும் வழி செய்தார். அவர் சொன்ன காரணம் ரகசியச் சாவிகளைப் பற்றியது அல்ல. ஒரு புரோகிராமின் ஓட்டத்தைப் பதிவுசெய்து, பிறகு அட்சரம் பிசகாமல் அதேபோல மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டுமென்றால், ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு எண் கொடுக்கும் ஆர்டிடிஎஸ்சி குறுக்கே நிற்கிறது. அதைத் தடுத்து நிறுத்தி, விடையைக் குறித்து வைத்துக்கொள்ள முடிந்தால் பிரச்சினை தீரும். ஆர்கஞ்செலியின் செக்காம்புக்காக எழுதப்பட்ட நிரலையே போஸ்மன் எடுத்துப் பயன்படுத்தினார். 2.6.26 பதிப்பில், 2008 ஜூலையில், அது வெளியானது. அதன் பக்கவிளைவாக, 64 பிட் எக்ஸ்86 கர்னலிலும் செக்காம்ப் எண்ணியைப் பூட்டத் தொடங்கியது.

போஸ்மன் இந்த மாற்றத்தோடு மூன்று சின்னச் சோதனை நிரல்களையும் கொடுத்தார். என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. எல்லாமே சி மொழியில், ஒரே மூச்சில் படித்துவிடக்கூடிய நீளம். எண்ணியைப் படிக்கும் துண்டு விக்கிபீடியாவிலிருந்து எடுத்தது என்று சிரிப்புக் குறியோடு உள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்.

முதல் நிரல் அடிப்படைக் கேள்வியைக் கேட்கிறது. எண்ணியைப் படித்து அச்சிடு, நிலையைக் கேட்டு அச்சிடு, பூட்டு, மறுபடி படி. பூட்டியபின் படிக்கும்போது சிக்னல் வந்தே தீர வேண்டும். சிக்னலைப் பிடிக்கும் செயற்கூறு, சிக்னல் வந்தது என்று அச்சிட்டுவிட்டு எண்ணியைத் திறந்துவிடுகிறது. அது திரும்பியதும் என்ன நடக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பாதுகாப்புப் பிழை எழும்போது செயலி அந்தக் கட்டளையைத் தாண்டிப் போய்விடுவதில்லை; அதன் வாசலிலேயே நிற்கிறது. ஆகவே தடுக்கப்பட்ட அதே ஆர்டிடிஎஸ்சி மறுபடி ஓடுகிறது. இம்முறை கதவு திறந்திருப்பதால் எண் வருகிறது. பூட்டு, பிழை, திறப்பு, வெற்றி என நான்கும் நடந்ததற்கான சான்று திரையில் அடுத்தடுத்து வந்து விழுகிறது.

இரண்டாவது நிரல் வேலை மாறும் கணத்தைக் குறிவைக்கிறது. நூறு பிள்ளைப் புரோகிராம்களைப் பெற்றெடுக்கிறது. அவற்றில் ஐம்பது எண்ணியைத் திறந்து வைத்துக்கொண்டு இடைவிடாமல் படித்துக்கொண்டே இருக்கும். ஒருமுறை சிக்னல் வந்தாலும் பெரும் பிழை என்று கூவிவிட்டுச் செத்துப்போகும். மற்ற ஐம்பதும் எண்ணியைப் பூட்டிவிட்டு ஒரே ஒருமுறை படிக்க முயலும். அவற்றின் சிக்னல் பிடிப்பான் ஒன்றுமே செய்யாது, உடல் வெறுமை. அது திரும்பியதும் அதே கட்டளை மறுபடி ஓடி, மறுபடி பிழை எழுந்து, மறுபடி வெற்றுப் பிடிப்பானுக்கு வந்து சேரும். லூப் என்று ஒரு வரிகூட எழுதாமல் முடிவில்லாத லூப் உண்டாகிவிடுகிறது. இந்தச் சுழலிலிருந்து தப்பி அடுத்த வரிக்கு வருவதற்கு ஒரே வழி, பூட்டிய எண்ணியைப் படிக்க முடிந்துவிடுவது. அப்படி வந்துவிட்டால் அங்கே பிழைச் செய்தி காத்திருக்கிறது. பத்து வினாடி அலாரம் அடித்து எல்லோரையும் முடித்துவைக்கும் வரை நூறு பேரும் கோர்களுக்காக முட்டி மோதுவார்கள். ஒவ்வொரு மோதலிலும் கர்னல் பிட்டைச் சரியாக மாற்றியாக வேண்டும். இதைவிடக் குறைந்த வரிகளில் இந்தச் சோதனையை எழுதிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது நிரல் இன்னொரு இடுக்கைப் பார்க்கிறது. நூறு புரோகிராம்களும் தங்கள் பூட்டைத் தாங்களே பூட்டித் திறந்து, பூட்டித் திறந்து ஓடுகின்றன. 'இப்போது பிழை வர வேண்டும்' என்று ஒவ்வொன்றும் தனக்குள் ஒரு குறி வைத்திருக்கிறது. எதிர்பார்ப்புக்கு மாறாக ஏதாவது நடந்தால் கூவிவிடும். இது சோதிப்பது, பூட்டச் சொல்லிக் கேட்ட அந்தக் கணத்தில் கர்னல் என்ன செய்கிறது என்பதை. புரோகிராமின் கணக்கில் ஒரு கொடி உண்டு. கோரில் பிட் உண்டு. இரண்டும் சேர்ந்தே மாற வேண்டும். கொடியை ஏற்றிவிட்டு, பிட்டைத் தொடுவதற்குள் வேறொரு வேலை உள்ளே புகுந்துவிட்டால் இரண்டும் பிரிந்துபோகும். அதனால்தான் கர்னல் அந்தச் சில வரிகளுக்கு மட்டும் வேலை மாறுவதையே தற்காலிகமாக நிறுத்திவைக்கிறது.

கடைசி இரண்டு நிரல்களும் தொடங்கும்போது ஒரே ஒரு வரி அச்சிடுகின்றன. இதற்கு மேல் எதுவும் அச்சாகாவிட்டால் எல்லாம் நலம் என்று அதற்கு அர்த்தம். பத்து வினாடி, முழு வேகத்தில் உழைக்கும் செயலி, வெறும் திரை.

இவற்றில் எனக்கு இரண்டு குறைகள் தெரிகின்றன. நூறு என்ற எண் 2008க்குப் பொருத்தமானது. நாலு கோர் கணினியில் நூறு பேர் மோதினால் வேலை மாற்றம் தாராளமாக நடக்கும். 128 கோர் சர்வரில் ஆளுக்கொரு கோர் கிடைத்துவிடும். யாரும் யாரையும் இறக்கிவிட வேண்டியதில்லை. சோதிக்க வேண்டிய கணமே அங்கே அரிதாகிவிடும். கோர்களின் எண்ணிக்கையைக் கேட்டறிந்து அதன் பல மடங்காகப் பிள்ளைகளைப் பெறுவதே சரி. இன்னொன்று, எழுதப்பட்ட வடிவில் தாய் நிரல் பிள்ளைகள் முடியும் வரை காத்திருக்கிறது, ஆனால் எப்படி முடிந்தார்கள் என்று கேட்பதில்லை. பிழைச் செய்தி மனிதக் கண்ணுக்கு மட்டும்தான்.

இந்த இரண்டாவது குறை பெரிதாகத் தெரிந்தது நிரல்கள் வீடு மாறியபோது. எட்டு ஆண்டுகள் அவை கர்னலின் ஆவணக் கோப்புறைக்குள்தான் இருந்தன. எப்படிப் பயன்படுத்துவது என்று காட்டும் உதாரணங்களாக. 2016இல் ஷுவா கான் அவற்றை எடுத்துக் கர்னலின் சுயசோதனைத் தொகுப்பில் சேர்த்தார். ஆவணங்களுக்கு நடுவே புழுதி படிந்து கிடந்த நிரல்களை யாராவது ஓட்டிப் பார்க்கும் இடத்துக்குக் கொண்டுவந்தது நல்ல காரியம். ஆனால் அங்கே ஓட்டுபவர் பெரும்பாலும் இன்னொரு நிரல். அது திரையைப் படிப்பதில்லை. முடிவுக் குறி பூஜ்யமா என்று மட்டுமே பார்க்கிறது. பெரும் பிழை என்று கூவிய பிள்ளையின் குரல் அந்தக் காதில் விழாது.

போஸ்மன் சொன்ன மறுஓட்டம் வெறும் ஆசையாக நின்றுவிடவில்லை. மொசில்லாவில் ராபர்ட் ஓ'கலஹன் முதலானோர் உருவாக்கிய ஆர்ஆர் என்ற டீபக்கர் இந்தப் பூட்டின் மேல்தான் நிற்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் போன்ற பெரிய மென்பொருளில் எப்போதாவது ஒருமுறை மட்டும் தலைகாட்டும் பிழையை ஒருதரம் பதிவில் பிடித்துவிட்டால், பிறகு வேண்டிய மட்டும் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கலாம். எண்ணியைப் படிக்கும் ஒவ்வொரு முயற்சியும் பிழையில் முடிய, ஆர்ஆர் இடைமறித்து விடையைத் தானே கொடுக்கிறது. மறுஓட்டத்தில் பதிவில் இருந்த அதே எண்ணைக் கொடுக்கிறது. இதில் ஒரு பொறி உண்டு. லினக்ஸில் மணி கேட்பது வேகமாக இருக்க வேண்டும் என்பதற்காக, கர்னல் தன் நிரலில் ஒரு துண்டை ஒவ்வொரு புரோகிராமின் நினைவிடத்திலும் ஒட்டிவைத்திருக்கிறது. அந்தத் துண்டும் ஆர்டிடிஎஸ்சியைத்தான் நம்பியிருக்கிறது. எண்ணியைப் பூட்டிய புரோகிராம் வெகுளியாக மணி என்ன என்று கேட்டாலே செக்ஃபால்ட் விழும். ஆர்ஆர் அந்தத் துண்டைத் திருத்தி, கேள்வியை நேரே கர்னலுக்குத் திருப்பிவிடுகிறது. பூட்டைத் தன் நிரலில் பயன்படுத்த நினைக்கும் எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

2017இல் கைல் ஹியூயி, தாமஸ் கிளைக்ஸ்னர் இருவரின் உழைப்பில் வேலை மாறும் இடத்து நிரல் திருத்தி எழுதப்பட்டது. முன்பு, போகிறவருக்கும் வருகிறவருக்கும் வேறுபாடு இருந்தால், கர்னல் வருகிறவருக்குப் பூட்டு வேண்டுமா என்று பார்த்து, அதற்கேற்பப் பிட்டை வைத்தது அல்லது எடுத்தது. இப்போது, வேறுபாடு இருந்தால் அப்படிப் பார்க்காமலே பிட்டைத் திருப்பிப் போட்டுவிடுகிறது. வேகம் கூடும், ஆனால் பணயமும் கூடுகிறது. பழைய முறையில் கொடியும் பிட்டும் எப்போதாவது பிரிந்துபோனால், வேறுபாடுள்ள அடுத்த மாற்றத்தில் தானே சரியாகிவிடும். திருப்பிப் போடும் முறையில் ஒருமுறை பிரிந்தால், அதற்குப் பின் வரும் ஒவ்வொரு மாற்றமும் தலைகீழாகவே நடக்கும்; பூட்டியவருக்குத் திறந்திருக்கும், திறந்தவருக்குப் பூட்டியிருக்கும். 2008இல் எழுதிய மூன்றாவது சோதனை அன்றைவிட இன்று அதிகம் தேவைப்படுகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

உளவைத் தடுக்கும் கருவியாக இந்தப் பிட்டின் எல்லையும் தெளிவாகிவிட்டது. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற செயலி ஓட்டைகள் வெளியானபோது பிரவுசர்கள் அவசரமாகத் தங்கள் கடிகாரங்களை மழுங்கடித்தன. ஃபயர்ஃபாக்ஸ் 20 மைக்ரோவினாடிக்குக் குறைத்தது. அதோடு, த்ரெட்கள் நினைவகத்தைப் பகிரும் வசதியையும் முடக்கினார்கள். காரணம் எளிது. ஒரு த்ரெட் ஓயாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே இருக்க, இன்னொரு த்ரெட் அந்த எண்ணை எட்டிப் பார்த்தால், அதுவே ஒரு டைம்ஸ்டாம்ப் கவுன்ட்டர். ஆர்டிடிஎஸ்சியை மட்டும் பூட்டி வைப்பது, ஒற்றை த்ரெட்டில் அடைக்கப்பட்ட புரோகிராமுக்குத்தான் உண்மையான தடை. செக்காம்பின் பழைய கண்டிப்பான முறையில் புதிய த்ரெட் உண்டாக்கவே முடியாது. ஆகவே ஆர்கஞ்செலியின் ஏற்பாடு தன் எல்லைக்குள் இன்றும் பொருள் உள்ளதாகவே இருக்கிறது.

2024இல் இந்தப் பயணம் எக்ஸ்86க்கு வெளியே போனது. லினக்ஸ் 6.12இல் பீட்டர் காலிங்போர்ன், அதே பிஆர்சிடிஎல் அழைப்பை 64 பிட் ஆர்ம் செயலிகளுக்கும் கொண்டுவந்தார். காரணமும் பழையதுதான், ஆர்ஆர் வகை மறுஓட்டம். ஆர்மில் டைம்ஸ்டாம்ப் கவுன்ட்டர் என்று ஒன்று கிடையாது. மெய்நிகர் எண்ணி என்ற வேறொன்று, அதற்கு வேறொரு கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர், அதில் வேறொரு பிட். அங்கே ஒரு புதுச் சிக்கலும் காத்திருந்தது. சில ஆர்ம் செயலிகளில் எண்ணியே குறைபாடுள்ளது. புரோகிராம்கள் அதை நேரடியாகப் படித்து ஏமாறாமல் இருக்க, கர்னல் அதே பிட்டை ஏற்கெனவே தன் தேவைக்காகப் பூட்டி வைத்திருக்கிறது. ஒரே பூட்டுக்கு இரண்டு காரணங்கள். புரோகிராம் திறக்கச் சொன்னாலும், இந்தக் கோர் நம்பத் தகாத எண்ணி உள்ளதா என்று பார்த்துவிட்டுத்தான் கர்னல் திறக்க வேண்டும். ஒரே சிப்பில் பெரிதும் சிறிதுமாகப் பலவகைக் கோர்கள் இருக்கும் ஆர்ம் உலகில், ஒரு கோரில் சரியாக இருக்கும் விடை பக்கத்துக் கோரில் தவறாகலாம். ஆகவே பிட்டை மாற்ற நேரும் ஒவ்வொரு இடத்திலும் கர்னல் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கிறது.